யார் கண்ட கடல்

பாஹா கலிஃபோர்னியாவுக்கு நெடுங்காலமாகப் போய்வருகிறவர்கள் காலத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள்: சாலைக்கு முன், சாலைக்குப் பின். மெக்ஸிகோவின் வடமேற்கில், அமெரிக்க எல்லையில் தொடங்கித் தெற்கே 1,200 கிலோமீட்டருக்கு ஒல்லியாக நீண்டு கிடக்கிறது அந்தத் தீபகற்பம். மேற்கே பசிபிக் பெருங்கடல். கிழக்கே, மெக்ஸிகோவின் பெருநிலத்துக்கும் இதற்கும் நடுவே கலிஃபோர்னியா வளைகுடா. கோர்த்தேஸ் கடல் என்பது அதன் இன்னொரு பெயர். 1973 டிசம்பரில் தீபகற்பத்தின் தலையிலிருந்து கால்வரை ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் நீளத்துக்குத் தார்ச்சாலை திறக்கப்பட்டது. அதற்கு முன் தெற்கு முனைக்குப் போக நினைத்தவர் தண்ணீர்ப் பீப்பாயையும் பெட்ரோல் டின்னையும் உபரி டயர்களையும் ஏற்றிக்கொண்டு, மணலிலும் கல்லிலும் நாள்கணக்கில் உருண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் சிறு விமானம், அல்லது படகு.

‘முன்’னைச் சேர்ந்தவர்களின் பேச்சில் ஒரு பெருமிதம் இருக்கும். புதைந்துபோன வண்டி, இழுத்துவிட்ட பண்ணைக்காரர், கரையில் நின்றபடியே தூண்டிலில் ஏற்றிய மீன் என்று கதைகள் வரும். ‘பின்’னால் வந்தவர்களிடமும் கதைகளுக்குக் குறைவில்லை. 1970களின் கடைசியில் கபோ சான் லூகாஸைப் பார்த்தவர், விடுதிகள் எழும்பாத கடற்கரையைப் பார்த்ததாகச் சொல்வார். 1990களில் வந்தவர், தன் காலத்திலும் ஒதுக்குப்புறமான விரிகுடா ஒன்றிரண்டு மிச்சம் இருந்தன என்பார். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வந்தவரைப் பார்த்து இரக்கப்படுகிறார். ஒவ்வொருவர் நினைவிலும் முதன்முதலாகப் பார்த்த கடல் நிறைந்திருக்கிறது.

இது முதல் பயணங்களுக்கே உரிய மயக்கமா, இல்லை கடல் மெய்யாகவே வற்றிக்கொண்டு வந்ததா? இளமையில் பார்த்தது எல்லாமே பெரியது என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். ஆனால் இந்தக் கடலைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு விடை தேடக் கொஞ்சம் சான்று இருக்கிறது. முதல் பயணத்தின் நினைவுகளை இவ்வளவு எழுதிவைத்த கடற்கரைகள் உலகில் அதிகம் இல்லை.

ஃபெர்னாந்தோ ஹோர்தான் என்ற மெக்ஸிகோப் பத்திரிகையாளர் 1951இல் ‘மற்றொரு மெக்ஸிகோ’ என்ற பெயரில் இந்தத் தீபகற்பத்தின் வரலாற்றை எழுதினார். தலைநகரத்து வாசகர்களுக்குத் தங்கள் நாட்டின் ஒரு பகுதியை அறிமுகம் செய்துவைக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு அது அவ்வளவு தொலைவு. 1961இல் அமெரிக்க இயற்கையியலாளர் ஜோசஃப் வுட் க்ரட்ச் ‘மறக்கப்பட்ட தீபகற்பம்’ எழுதினார். இந்த நிலத்தைக் காப்பாற்றி வைத்திருப்பதே மோசமான சாலைகள்தான் என்பது அவர் வாதம். அதே காலத்தில் பெரி மேசன் துப்பறியும் கதைகளால் பணமும் புகழும் சேர்த்த ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னர், ஹெலிகாப்டர்களோடு வந்து நடுப்பகுதி மலைகளில் இறங்கினார். அங்கே குகைக் கூரைகளில் ஆளுயரத்துக்கும் மேலாக வரையப்பட்டிருந்த மனிதர்களையும் மான்களையும் பற்றி அவர் எழுதிய பிறகுதான் வெளியுலகத்தின் பார்வை அந்தப் பக்கம் பெரிதாகத் திரும்பியது. மலைவாழ் ஆட்டுப் பண்ணைக்காரர்களுக்கு அந்த ஓவியங்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவை. 1993இல் அவை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி ஒரு மீன்பிடிப் படகு.

1940 மார்ச் 11 அன்று கலிஃபோர்னியாவின் மான்டெரே துறையிலிருந்து ‘வெஸ்டர்ன் ஃப்ளையர்’ கிளம்பியது. சுருக்குமடி போட்டு மத்தி மீன் பிடிக்கும் படகு அது. 1937இல் கட்டப்பட்டது, நீளம் 76 அடி போல. மத்திப் பருவம் முடிந்திருந்ததால் வாடகைக்குக் கிடைத்தது. எடுத்தவர் ஜான் ஸ்டைன்பெக். முந்தைய ஆண்டு வெளியான ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவல் அவரைப் புகழின் உச்சியில் ஏற்றியிருந்தது. அதே நாவல் கலிஃபோர்னியாவின் பெருநிலக்காரர்களைப் பகையாக்கியும் இருந்தது. கொஞ்ச நாள் கண்காணாமல் போய்விட வேண்டும் என்ற நிலை. கூட வந்தவர் நண்பர் எட் ரிக்கெட்ஸ். மான்டெரேயில் மீன் டப்பாத் தொழிற்சாலைகள் வரிசையாக நின்ற தெருவில் ஒரு சிறிய ஆய்வகம் வைத்து, கடலுயிரிகளைப் பதப்படுத்திப் பள்ளி கல்லூரிகளுக்கு விற்றுப் பிழைத்தவர். ஓதம் ஏறி இறங்கும் பாறைகளில் எந்த உயிர் எந்த மட்டத்தில் வாழ்கிறது என்பதில் அவருக்கு நிகரான பார்வை அன்று மேற்குக் கரையில் சிலருக்கே இருந்தது.

ஆறு வாரம் சுற்றினார்கள். கபோ சான் லூகாஸ் அப்போது ஒரு மீன் டப்பா ஆலையும் சில வீடுகளும் கொண்ட ஊர். அங்கிருந்து வடகிழக்கே திரும்பி புல்மோ பவளப்பாறை, எஸ்பிரித்து சாந்தோ தீவு, லா பாஸ், லொரேத்தோ, கொன்செப்சியோன் விரிகுடா, லாஸ் ஆங்ஹெலெஸ் விரிகுடா. பிறகு வளைகுடாவைக் கடந்து திபுரோன் தீவு, குவாய்மாஸ். கடல் வற்றும் நேரம் பார்த்து இறங்குவார்கள். கல்லைப் புரட்டுவார்கள், குட்டையில் கைவிடுவார்கள், ஜாடிகளை நிரப்புவார்கள். லா பாஸில் ஊர்ப் பையன்களுக்கு விஷயம் தெரிந்து, சில்லறைக் காசுக்கு நண்டும் கடலட்டையும் நட்சத்திர மீனும் அள்ளிக்கொண்டு வந்து குவித்துவிட்டார்கள். திரும்பும்போது 500க்கும் மேற்பட்ட இனங்கள் படகில் இருந்தன. அவற்றில் கணிசமானவை அறிவியலுக்குப் புதியவை.

1941 டிசம்பரில் புத்தகம் வந்தது. அந்த மாதம்தான் பேர்ல் ஹார்பர் மீது குண்டு விழுந்தது; கடலுயிரிகளைப் பற்றிய தடிமனான புத்தகத்தை வாங்க அப்போது யாருக்கும் மனம் இல்லை. புத்தகம் இரண்டு பகுதி. முதல் பகுதி பயணக்கதை: நாள்வாரியாக, சிரிப்பும் தத்துவமும் கலந்து. இரண்டாம் பகுதி உயிரினப் பட்டியல்: எந்த இடம், எந்த இனம், எவ்வளவு தாராளமாக இருந்தது, இதற்கு முன் யார் எழுதியிருக்கிறார்கள் என்று நூற்றுக்கணக்கான பக்கம். 1948இல் ரிக்கெட்ஸ் மான்டெரேயில் ரயில் மோதி இறந்தார். 1951இல், நண்பனைப் பற்றி ஸ்டைன்பெக் எழுதிய நீண்ட நினைவுக் கட்டுரையோடு முதல் பகுதி மட்டும் தனி நூலாக வந்தது. உலகம் படிப்பது இந்தப் புத்தகத்தைத்தான். பட்டியல் கழன்றுவிட்டது.

கழன்றது பட்டியல் மட்டும் இல்லை. படகில் இருந்தவர்கள் ஏழு பேர். ஏழாவது ஆள் கேரல், ஸ்டைன்பெக்கின் மனைவி. சமையலுக்கு என்று கணக்கில் எழுதப்பட்டவர். அவரும் கரையில் இறங்கிச் சேகரித்தவர். பயணக்கதையில் அவர் பெயரே இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் அந்த மணவாழ்க்கை முறிந்தது. பயணக்கதையில் கேட்கும் ‘நாங்கள்’ என்ற குரலுக்குள்ளும் ஒரு சங்கதி இருக்கிறது. ஸ்டைன்பெக் தனியாக நாட்குறிப்பு எழுதவில்லை. ரிக்கெட்ஸின் குறிப்பேட்டையும் படகின் கேப்டன் டோனி பெரியின் பதிவையும் வைத்துக்கொண்டுதான் பிற்பாடு எழுதினார். உலகப் புகழ்பெற்ற இந்த முதல் பயண நினைவு பெருமளவு இன்னொருவர் கண்ட காட்சி.

ஆனாலும் அந்தக் கண் கூர்மையானது. குவாய்மாஸுக்கு அருகே ஜப்பானிய இறால் இழுவைப் படகுகள் வேலை செய்வதை அவர்கள் ஏறிப் பார்த்தார்கள். மடி கடலடித் தரையை வாரிக்கொண்டு வரும். தளத்தில் கொட்டினால் மலையாக மீன். இறாலை மட்டும் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தைச் செத்த நிலையில் கடலில் தள்ளுவார்கள். அந்த மாலுமிகள் நல்ல மனிதர்கள், வந்தவர்களை மரியாதையாக நடத்தினார்கள் என்பதையும் புத்தகம் சொல்கிறது. அவர்கள் செய்யும் வேலை மெக்ஸிகோவின் உணவுக் கருவூலத்தை அழிக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொல்கிறது. 1940இல், இந்தக் கடல் தீரும் என்று யாருமே நினைக்காத காலத்தில், எழுதப்பட்ட எச்சரிக்கை அது.

யாருமே நினைக்கவில்லை என்பதும் முழுதாகச் சரியில்லை. லா பாஸ்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் கண்முன்னால் ஒரு கடல் ஏற்கெனவே தீர்ந்திருந்தது.

ஸ்பானியப் படைத்தலைவர் எர்னான் கோர்த்தேஸ் 1535 மே 3 அன்று லா பாஸ் விரிகுடாவில் இறங்கியதே முத்துக்காகத்தான். தண்ணீரும் உணவும் இல்லாமல் அந்தக் குடியேற்றம் கலைந்துபோனது. 1539இல் அவர் அனுப்பிய ஃப்ரான்ஸிஸ்கோ தெ உல்யோவா வளைகுடாவின் வடகோடிவரை ஓடி, இது தீவு இல்லை, தீபகற்பம் என்று பார்த்துவிட்டுத் திரும்பினார். அதற்குப் பின்னும் 17ஆம் நூற்றாண்டு வரைபடங்களில் கலிஃபோர்னியாவைத் தீவாக வரைந்துகொண்டிருந்தார்கள். 1697இல் லொரேத்தோவில் சேசு சபையார் மிஷனை நிறுவினார்கள். தெற்கில் வாழ்ந்த பெரிக்கூ மக்கள் 1734இல் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சியை ஒடுக்கிய படையைவிட அம்மையும் மற்ற நோய்களும் அதிகம் பேரைக் கொன்றன. 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பெரிக்கூ மொழியைப் பேச ஆள் இல்லை. எஸ்பிரித்து சாந்தோ தீவில் மனிதர் வாழ்ந்த தடயங்கள் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையவை. இத்தனை நீண்ட பழக்கமுள்ள மக்கள் அந்தக் கடலைப் பற்றி வைத்திருந்த நினைவு ஒரு நூற்றாண்டுக்குள் கேட்பாரற்று மறைந்தது. பிறகு வந்த எல்லோரும் வெறும் கரையில் இறங்கியதாகவே எண்ணிக்கொண்டார்கள்.

முத்து மட்டும் தொடர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செம்புத் தலைக்கவசமும் காற்றுக்குழாயும் வந்ததும், மூச்சடக்கி மூழ்கியவர்கள் எட்டாத ஆழத்துச் சிப்பிப் பார்களும் காலியாகத் தொடங்கின. இது எங்கே போய் முடியும் என்று கணக்குப் போட்டவர் லா பாஸைச் சேர்ந்த கஸ்தோன் வீவெஸ். 1903 முதல் எஸ்பிரித்து சாந்தோ தீவில் முத்துச்சிப்பி வளர்ப்பைத் தொழில் அளவில் நடத்திக் காட்டினார். உலகிலேயே அந்த அளவில் நடந்த முதல் முயற்சிகளில் ஒன்று. 1914இல், மெக்ஸிகோப் புரட்சியின் அமளியில் பண்ணை சூறையாடப்பட்டது. கடலில் இருந்த சிப்பியும் அடுத்த கால்நூற்றாண்டில் தேய்ந்து, 1940 வாக்கில் முத்துக்குளிப்பையே தடை செய்ய வேண்டிய நிலை. ‘வெஸ்டர்ன் ஃப்ளையர்’ லா பாஸ் துறையில் நங்கூரம் பாய்ச்சியபோது முத்து அங்கே கதையாகிவிட்டிருந்தது. அப்படிக் கேட்ட ஒரு கதையைத்தான் ஸ்டைன்பெக் பின்னர் ‘தி பேர்ல்’ என்ற குறுநாவலாக்கி 1947இல் வெளியிட்டார். நிறைந்த கடல் என்று அவர்கள் மெய்மறந்து எழுதிய கடலில், நானூறு ஆண்டுகளாக மனிதரை இழுத்துவந்த பொருள் ஏற்கெனவே இல்லை.

2004 வசந்தத்தில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மான்டெரே கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த வில்லியம் கில்லி தலைமையில் ஒரு குழு அதே தடத்தில் கிளம்பியது. நிறுத்தங்களும் பருவமும் கூடியவரை 1940இல் இருந்தபடியே. கையில் எடுத்துக்கொண்டது பயணக்கதையை மட்டும் இல்லை. 1951இல் கழன்றுபோன அந்தப் பட்டியலையும். எங்கே எந்த உயிர் ‘நிறைய’, எது ‘அங்கங்கே’, எது ‘ஒன்றே ஒன்று’ என்று ரிக்கெட்ஸ் எழுதியிருந்தாரோ, அந்த இடங்களிலேயே குனிந்து பார்த்தார்கள்.

பல இடங்களில் உயிர்கள் எண்ணிக்கையிலும் உருவத்திலும் குறைந்திருந்தன. 1940இல் போகுமிடமெல்லாம் காலில் தட்டுப்பட்ட ஒரு நட்சத்திர மீன், இருபதுக்கும் மேற்பட்ட கைகளோடு சூரியப் படம்போல இருக்கும் ஹீலியாஸ்டர், அரிதாகியிருந்தது. அது ஏன் என்பது தெரிந்த கதை: 1978 கோடையில், கடல் சூடேறிய நேரத்தில் பரவிய நோயில் அவை கூட்டம் கூட்டமாக மடிந்தன. இன்னொரு பக்கம், ஸ்டைன்பெக்கும் ரிக்கெட்ஸும் ஒரு வரிகூட எழுதாத ராட்சதக் கணவாய் 2004இல் கடல் கொள்ளாமல் இருந்தது. சாந்தா ரோசாலியா ஊரின் மீனவர்களுக்கு அப்போது அதுதான் பிழைப்பு. 2009–10 எல் நினோவுக்குப் பிறகு பெரிய கணவாய்கள் மறைந்தன; உருவம் சிறுத்தவையே மிஞ்சின; தொழில் படுத்துவிட்டது. 2004இல் முதன்முதலாக வந்த இளைஞர் ஒருவர் இரவு விளக்கொளியில் கணவாய்க் கூட்டத்தைப் பார்த்திருந்தால், கோர்த்தேஸ் கடல் என்றால் கணவாய்க் கடல் என்றே மனத்தில் எழுதிக்கொண்டிருப்பார். ஆக, கடல் எப்போதும் ஒரே திசையில் இறங்கிக்கொண்டே வரவில்லை. ஏறுவதும் இறங்குவதும் உண்டு. ஒரு முறை வந்து பார்த்தவருக்கு எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியாது.

பயணிக்குத் தெரியாவிட்டால் போகட்டும், அங்கேயே பிறந்து வளர்ந்த மீனவருக்குத் தெரியாமலா போகும்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு மெக்ஸிகோ ஆய்வாளர் ஆந்த்ரேயா சாயென்ஸ்-அரோயோவும் உடன் பணியாற்றியவர்களும் வளைகுடாவின் மீனவ ஊர்களில் மூன்று தலைமுறையைச் சேர்ந்த 108 பேரிடம் பேசினார்கள். முடிவு 2005இல் வெளியானது. ஒரு காலத்தில் தாராளமாகக் கிடைத்து இப்போது கிடைக்காத மீன்கள் எவை என்று கேட்டதற்கு, முதியவர்கள் சொன்ன பெயர்கள் இளைஞர்கள் சொன்னவற்றைப்போல ஐந்து மடங்கு. மீன் வற்றிப்போன இடங்கள் என்று அவர்கள் காட்டியவை நான்கு மடங்கு. வாழ்நாளிலேயே நல்ல பாடு கிடைத்த நாளில் எத்தனை வளைகுடாக் களவா பிடித்தீர்கள் என்பதற்கு வந்த பதிலில், முதியவர்களின் எண்ணிக்கை சில இடங்களில் இளைஞர்களுடையதைவிட இருபத்தைந்து மடங்கு வரை போனது. ஆளையே சாய்க்கும் எடைக்கு வளரக்கூடிய மீன் அது. கரைக்குப் பக்கத்திலேயே அது சாதாரணமாகக் கிடைத்தது என்பதை இளைஞர்களில் பெரும்பாலோர் அறிந்திருக்கவில்லை.

இது தாத்தாவும் பேரனும் ஒரே வீட்டில் இருக்கும்போதே நடந்தது. பேரன் முதன்முதலாகப் படகேறிய நாளில் பார்த்த கடல்தான் அவனுக்குக் கடல். தாத்தா சொல்வது கிழவர் பெருமை. மீன்வள அறிவியலில் டேனியல் பாலி 1995இல் சுட்டிக்காட்டிய சிக்கலும் இதுவே: ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தாம் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த நிலையையே தொடக்கமாக வைத்துக்கொண்டு இழப்பை அளக்கிறார்கள். அப்படி அளந்தால் இழப்பு எப்போதும் சிறியதாகவே தெரியும்.

வளைகுடாவின் வடகோடியில் இந்தக் காலக்கணக்கு இன்னும் கொடூரமாகச் சுருங்கிவிட்டது. வாக்கீட்டா உலகிலேயே மிகச் சிறிய கடல் பாலூட்டிகளில் ஒன்று. ஓங்கில்களின் தூரத்து உறவு. இந்த மூலையைத் தவிர வேறெங்கும் கிடையாது. அறிவியல் அதற்குப் பெயர் வைத்ததே 1958இல்தான், அதுவும் கரையொதுங்கிய மண்டையோடுகளைப் பார்த்து. 1997 கணக்கெடுப்பில் 567 இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். இன்று பத்தைச் சுற்றி நிற்கிறது. அதை யாரும் குறிவைத்துப் பிடிக்கவில்லை. குறி தோத்துவாபா, நம் ஊர்க் கத்தாளை, கூறல் மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய மீன். அதன் காற்றுப்பைக்குச் சீனச் சந்தையில் கிடைக்கும் விலைக்காகத் திருட்டுத்தனமாக விரிக்கும் செவுள் வலைகளில் வாக்கீட்டாவும் சிக்கிச் சாகிறது. முதல் அறிமுகத்திலிருந்து விடைபெறும் நிலைவரை ஒரு மனித ஆயுளுக்குள் அடங்கிவிட்டது.

இனி அந்தச் சாலைக்கு வரலாம். பழைய பயணிகள் எழுதியதை மட்டும் படித்தால் எல்லாக் கேட்டுக்கும் 1973இன் தார்தான் காரணம் என்று தோன்றும். ஆனால் இறால் மடியும் முத்துச்சிப்பியின் அழிவும் சாலைக்கு மிக முந்தியவை. சாலை இல்லாத அழகை ரசித்தவர்கள் பெரும்பாலும் திரும்பிப் போக வீடு உள்ளவர்கள். முலெஹேயிலோ சான் இக்னாசியோவிலோ வாழ்ந்தவருக்கு அந்த அழகின் பெயர், பிரசவ வலியோடு வண்டிப்பாதையில் போவது. சாலை திறந்த மறு ஆண்டு, 1974 அக்டோபரில், தெற்குப் பகுதி மத்திய அரசின் ஆளுகைப் பிரதேசம் என்ற நிலையிலிருந்து மாநிலமாக உயர்ந்தது. 1970இல் அங்கே 1.28 லட்சம் பேர் இருந்தார்கள்; 2020இல் ஏறத்தாழ 8 லட்சம்.

அந்த எட்டு லட்சத்தில் பெரும் பங்கு, முதல் பயணத்தைப் பற்றிப் புத்தகம் எழுதாதவர்கள். சினலோவா, கெரெரோ, வஹாகா மாநிலங்களிலிருந்து கட்டட வேலைக்கும் விடுதி வேலைக்கும் வந்தவர்கள். பெருநிலத்திலிருந்து படகுச் சேவையில் இரவெல்லாம் கடலைக் கடந்து லா பாஸில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் கபோ சான் லூகாஸ் அடங்கிய லோஸ் கபோஸ் பகுதிக்கு. கடலைப் பார்த்த அறைகளைக் கட்டியவர்கள் அவர்கள். குடியிருப்பது ஓடை வறண்ட படுகைகளில், தண்ணீர் லாரியை எதிர்பார்த்து. அவர்களுடைய பிள்ளைகளுக்கு அது முதல் பயணம் போன இடம் கிடையாது, பிறந்த ஊர். கபோ சான் லூகாஸ் முன்பு எப்படி இருந்தது என்ற ஏக்கம் அவர்களுக்கு அந்நியம், நியாயமும் அதுதான்.

கபோ சான் லூகாஸிலிருந்து வடகிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில், கடைசித் தூரத்தை மண் பாதையில் கடந்தால், கபோ புல்மோ. 1940இல் ரிக்கெட்ஸ் குனிந்து பார்த்த அதே பவளப்பாறை. வளைகுடாவில் பேர் சொல்லும்படியான பவளத்திட்டு இது ஒன்றுதான். காஸ்த்ரோ குடும்பத்தார் இங்கே பல தலைமுறையாக வாழ்கிறார்கள். மூத்தவர்கள் முத்துக்குளித்தவர்கள், சிப்பி தீர்ந்ததும் மீனுக்கும் சுறாவுக்கும் போனவர்கள். 1980களில் மீனும் குறைந்து, ஒரு நாள் பாட்டுக்கு மேலும் மேலும் தூரம் போக வேண்டியதாயிற்று. அப்போது லா பாஸிலுள்ள மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து பாறையை ஆராய மாணவர்களும் ஆசிரியர்களும் வந்துபோனார்கள். அவர்கள் கொண்டுவந்த முகக்கண்ணாடிகளை மாட்டிக்கொண்டு ஊர்க்காரர்களும் தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார்கள். மீனின் இடம், பருவம், பழக்கம் எல்லாம் அவர்களுக்கு அத்துபடி. நங்கூரம் இழுத்து உடைத்த பவளத்தை அப்படிக் கிட்டத்தில் பார்த்தது புதிது.

மீன்பிடிப்பை நிறுத்துவது என்ற முடிவு ஊருக்குள் எளிதாக வந்திருக்காது. சோறு போட்டது அது. ஆனாலும் அரசிடம் மனுக் கொடுத்தார்கள். 1995 ஜூனில் 7,111 ஹெக்டேர் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அரசாணைப்படி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான பரப்பில்தான் மீன்பிடிக்கக் கூடாது. ஊர்க்காரர்கள் பூங்கா முழுவதிலும் வலையை நிறுத்தினார்கள். படகுகளை முக்குளிக்க வருகிறவர்களுக்கு ஓட்டத் தொடங்கினார்கள், ஆமை முட்டையிடும் மணலைக் காவல் காத்தார்கள், வெளியூர்ப் படகு வந்தால் போய் நின்றார்கள். 1999இலும் 2009இலும் ஒக்தாவியோ அபுர்தோ-ஒரோபெஸாவும் குழுவினரும் பாறையில் மீன்களை எண்ணி, அளவை மதிப்பிட்டு, எடையைக் கணக்கிட்டதில், பத்தாண்டில் மீன்களின் மொத்த எடை 463 விழுக்காடு கூடியிருந்தது. களவாக்கள் திரும்பின, சுறாக்கள் திரும்பின. பாரை மீன்கள் ஆயிரக்கணக்கில் கூடி ஒரு தூணாகச் சுழல்வதைப் பார்க்க இன்று உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இந்தக் கரை முழுவதிலும், தாய் தகப்பன் இளமையில் பார்த்ததைவிட நிறைந்த கடலைப் பிள்ளைகள் முதன்முதலாகப் பார்த்த ஊர் என்று இதைச் சொல்லலாம்.

அந்த 463 என்ற எண்ணுக்கு வேறொரு பயனும் இருந்தது. பூங்காவுக்கு வடக்கே முப்பதாயிரம் அறைகள் வரை கொண்ட ஒரு சுற்றுலா நகரத்தைக் கட்டும் திட்டம் 2008 முதல் நகர்ந்துகொண்டிருந்தது. கோல்ஃப் திடல், படகுத்துறை எல்லாம் அதில் உண்டு. நூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஊர் எதிர்த்தது. எங்கள் கடல் அழகானது என்று மட்டும் அவர்கள் சொல்லியிருந்தால், இன்னொரு பயணியின் புலம்பலாக அது காற்றில் போயிருக்கும். கையில் அளவு இருந்தது. பல்கலைக்கழகங்களும் சூழல் அமைப்புகளும் பக்கத்தில் நின்றன. 2012 ஜூனில் அதிபர் ஃபெலிப்பே கால்தெரோன் அந்தத் திட்டம் நடக்காது என்று அறிவித்தார். 2014இல் வேறு பெயரில் வந்த இன்னொரு திட்டமும் பின்வாங்கியது.

463 விழுக்காடு என்பதற்குள்ளும் ஒரு முதல் பயணம் ஒளிந்திருக்கிறது: அது 1999இலிருந்து எண்ணிய எண். பல பத்தாண்டு மீன்பிடிப்பில் பாறை வறண்டு, பூங்கா வந்து நான்கே ஆண்டு ஆகியிருந்த நேரம். அதற்கு முன் புல்மோவில் எவ்வளவு மீன் இருந்தது? ரிக்கெட்ஸின் பட்டியல் இங்கே கைகொடுக்காது. அவர் எண்ணியது நண்டையும் நத்தையையும் கடலட்டையையும், களவாவை இல்லை. ஆய்வாளர்கள் மனித வாடை அதிகம் படாத தொலைதூரத் தீவுகளின் கடலோடு ஒப்பிட்டுத்தான் இன்றைய புல்மோவை மதிப்பிட முடிந்தது. சாயென்ஸ்-அரோயோவின் குழு பேசியபோதே முதியவர்களாக இருந்த மீனவர்களில் பலருக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. அவர்கள் பிடித்த களவா எவ்வளவு நீளம், எந்தப் பாறைக்குப் பின்னால், எந்த மாதத்தில் என்று உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் சில ஆண்டுகளே மிச்சம். அதற்குள் எழுதப்படாத ஊர்களில் கடலின் கணக்கு, யாரோ ஓர் ஆய்வாளர் பலகையும் பென்சிலுமாக முதன்முதலில் தண்ணீருக்குள் இறங்கிய ஆண்டிலிருந்துதான் தொடங்கும்.